ஓட்வாரோட வலது கண்ணு

அந்த நாற்காலி வேண்டாம்மா. இன்னும் பத்து நிமிஷத்துல வெயில் நேரா மூஞ்சில வந்து அடிக்கும். இப்படி என் பக்கத்துல வாங்க, பைய எடுத்துக்கறேன். இங்க எந்த நாற்காலிக்கு எப்ப வெயில் வரும்னு எனக்கு மனப்பாடம். பிப்ரவரியிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கேன்ல.

உள்ள போனது உங்க அப்பாவா? நெனச்சேன். மூக்கு அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. அந்தத் தமனி வீக்கந்தானே? உங்க கையில அந்தக் கையேட்டப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு, படிச்சுப் படிச்சு நடுவுல கிழிஞ்சே போச்சு. எங்க வீட்டுக்காரர் மூணாவது கதவுக்குள்ள இருக்காரு. மொதல்ல கண்ணுக்குள்ள படம் எடுப்பாங்க, அதுக்கு நம்மள விடமாட்டாங்க. முடிஞ்சப்பறம் டாக்டரம்மா ரெண்டு பேரையும் சேத்துக் கூப்புடுவாங்க.

நான் பேசுறது தொந்தரவா இருந்தா சொல்லிருங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்ல யாராச்சும் உக்காந்தாலே ஏதோ ஆகாதது நடந்த மாதிரி ஜன்னலப் பாத்துக்கற ஆளுங்க நாம. நானும் அறுபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் இருந்தேன். இன்னிக்கு என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது. என் பேரு டூர்டிஸ். அவரு ஓட்வார். முப்பத்தெட்டு வருஷம் கார் ஏத்துற ஃபெரிக் கப்பல் ஓட்டுனாரு. இந்தக் கரைக்கும் அந்தத் தீவுக்கும், இருபது நிமிஷம் போக, இருபது நிமிஷம் வர. நீங்களே அதுல போயிருப்பீங்க.

போயிருக்கீங்களா? அப்ப அவரோட முதுகப் பாத்திருப்பீங்க. அவரு மூஞ்சிய யாரும் பாத்ததில்ல. பேசவும் மாட்டாரு. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவேன்னு எங்க அக்கா கேலி பண்ணுவா, ஆனா எங்க வீட்ல நானும் அவ்வளவு பேசுறதில்ல. அவரு வாயத் தொறக்கறது ஆம்பளைங்க பாட்டுக் குழுவுலதான். அடித்தொண்டைப் பாட்டு. அவரு பாடுனா பெஞ்சு அதிரும், உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியும்.

இது கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சது. உப்புக்கண்டம் போட்ட ஆட்டு விலா, வருஷம் பூரா அதுக்காகவே காத்திருப்பாரு. தட்டுல மூணு எலும்பு வெச்சேன். ஒண்ணக் கடிச்சாரு, பாதியில கீழ வெச்சுட்டாரு. தாடை நோவுதுன்னாரு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா சரியாயிரும், மறுபடி மென்னா மறுபடி நோவும். பல்லுன்னு நெனச்சோம். ஜனவரில பல் டாக்டர் கடைவாய்ப் பல்லு ஒண்ணப் புடுங்கினாரு. நல்ல பல்லு. இப்பத்தான் தெரியுது அது நல்ல பல்லுன்னு.

உங்கப்பாவுக்கும் தாடையா? பாருங்க. நம்ம ஊர்க்காரங்க தாடை நோவுக்கு யாரும் டாக்டரப் பாக்க மாட்டாங்க, கஞ்சியக் குடிச்சுக்குவாங்க. அவரும் குடிச்சாரு. ஒம்போது கிலோ எளச்சுட்டாரு. அப்பறம் தோள்பட்ட. காலையில கோட்டுக் கையில கைய விடமுடியல, நான் பின்னாடி நின்னு மாட்டிவிடணும். வெறகு பொளந்ததுனாலன்னாரு. அப்பறம் தல. பொடனியிலேர்ந்து நெத்திப்பொட்டு வரைக்கும். சீப்பு வெச்சா கத்துவாரு. பிப்ரவரி குளுருல கம்பளித் தொப்பி போடாம தபால் எடுக்கப் போனாரு. பக்கத்து வீட்டு ஹில்டெகுன், என்ன ஓட்வார், வாலிபம் திரும்பிருச்சான்னு கேட்டா. தொப்பி பட்டா தோல் நெருப்பா எரியுதுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? சிரிச்சுட்டு வந்துட்டாரு.

ரெண்டு தடவ எடது கண்ணுல தெர எறங்குன மாதிரி இருந்துச்சாம். அஞ்சு நிமிஷம் இருந்து போயிருச்சாம். எங்கிட்ட சொல்லல. மூணாவது தடவ எறங்குன தெர மேல போகல. காலையில காப்பி ஊத்துறாரு, கோப்பைக்கு வெளிய மேசையில ஊத்துறாரு. ஓட்வார், என்ன பண்றீங்கன்னேன். இந்தப் பக்கம் யாரோ கம்பளி நூலச் சுருட்டி அடச்சு வெச்சிருக்காங்கன்னாரு. ரொம்ப நிதானமாச் சொன்னாரு. எனக்கு அந்த நிதானந்தான் பயமா இருந்துச்சு.

ரெண்டு மணி நேரம் காரோட்டிட்டு வந்தேன். ஒரு சின்னப் பொண்ணு டாக்டர். ஓட்வாரோட நெத்திப்பொட்ட விரலால தடவிப் பாத்தா. கயிறு மாதிரி தடிச்சுக் கெடக்கு, துடிப்பே இல்லன்னா. என் விரலப் புடிச்சு அங்க வெச்சா. நாப்பத்திரெண்டு வருஷம் அந்தத் தலைக்குப் பக்கத்துல படுத்திருக்கேன், அந்தக் கயிற நான் தொட்டதே இல்ல. அப்பறம் கை தொடைக்கிற காயிதத்துல படம் வரஞ்சு காட்டுனா. ரத்தக்குழாயோட சுவரு உள்பக்கமா வீங்கிக்குதாம். நம்ம ஒடம்பே அத எதிரின்னு நெனச்சுக்கிட்டு அடிக்குதாம். வீங்க வீங்க வழி குறுகுது, கண்ணு நரம்புக்குப் போற ரத்தம் நின்னுபோகுது. எதனால வருதுன்னு கேட்டேன். தெரியாதுன்னா. அம்பது தாண்டுனவங்களுக்கு வரும், வயசு கூடக் கூட அதிகமா வரும், நம்ம வடக்கு நாட்டு ஆளுங்களுக்கு ஒலகத்துலயே அதிகமா வருதுன்னா. எடது கண்ணு போனது போனதுதான், இனிமே வலதக் காப்பாத்தணும், அதுக்கு ஒரு மணி நேரங்கூட வீணாக்கக் கூடாதுன்னு, சொல்லிக்கிட்டே ஊசியக் குத்திட்டா.

மூணு நாள் நரம்பு வழியா மருந்து. அப்பறம் மாத்திரை. அஞ்சு மில்லிகிராம் மாத்திரை, நாளைக்குப் பன்னெண்டு. உங்கப்பாவுக்கு எத்தன? பத்தா. சரி. மொத வாரம் பாத்தீங்கன்னா அதிசயமா இருக்கும். ரெண்டே நாள்ல தோள்பட்ட நோவு, தல நோவு எல்லாம் போயிரும். ஓட்வார் வீட்டுக்கு வந்த மறுநாளே வெறகு பொளக்கப் போயிட்டாரு, ஒரு கண்ணோட. கோடாலியப் புடுங்கி வெச்சேன்.

காலையில ஏதாச்சும் சாப்புட்டுட்டுத்தான் போடணும், வெறும் வயித்துல கூடாது. எலும்புக்கு சுண்ணாம்புச் சத்து தருவாங்க, அத விட்டுறாதீங்க. சக்கரையப் பாத்துக்கிட்டே இருங்க. மூஞ்சி ஊதிப்போகும், பயப்படாதீங்க. லேசா இடிச்சாக்கூட கையெல்லாம் ஊதாவாக் கன்னிப்போகும். பசி எடுக்கும். ஓட்வார் உக்காந்த எடத்துலயே பழுப்புச் சீஸ் அரைக் கட்டி தின்னாரு. இதெல்லாம் அந்தக் கையேட்டுல போட்டிருக்கு. கோவம் வரும்னும் போட்டிருக்கு. மனநிலை மாற்றம்னு ரெண்டு வார்த்த. பன்னெண்டாம் பக்கம்.

ரெண்டு வார்த்ததாம்மா போட்டிருக்கு.

மொதல்ல பேச ஆரம்பிச்சாரு. முப்பத்தெட்டு வருஷம் பேசாதத எல்லாம் பேசுறாரு. எனக்கு மொத வாரம் சந்தோஷமாக்கூட இருந்துச்சுன்னா பாத்துக்கங்க. தூக்கம் கெடையாது. ஆளுங்களுக்கு போன் பண்ணி, தொண்ணூத்தி ஒண்ணுல நீ ஃபெரியில வண்டிய குறுக்க நிறுத்துனேல்லன்னு கேக்கறாரு. அப்பறம் பாட்டுக் குழு. அங்க குன்வால்ட்னு ஒருத்தர் பாட்டு நடத்துவாரு, இவருக்கு முப்பது வருஷ சிநேகிதம். நீ கையாட்டுறது மீன் செதிள் சுரண்டுற மாதிரி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, குன்வால்டும் சிரிச்சாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். உன் பெண்டாட்டி செத்தது உன் பாட்டக் கேட்டுத்தான்னாரு. அவ செத்து ஒரு வருஷங்கூட ஆகல. குன்வால்ட் பாட்டுப் புத்தகத்த மூடி வெச்சுட்டு, கோட்ட மாட்டிக்கிட்டு, வெளிய போயிட்டாரு.

ஈஸ்டருக்கு எங்க பொண்ணு சில்யே வந்தா. புருஷன விட்டுப் பிரிஞ்சு அஞ்சு மாசம். சாப்பாட்டு மேசையில அவகிட்ட என்ன சொன்னாருன்னு நான் திருப்பிச் சொல்லமாட்டேன். அப்பன் பொண்ணுகிட்ட சொல்ற பேச்சு இல்ல. அவ அன்னிக்கே கெளம்பிட்டா. போறப்ப வாசல்ல நின்னு, அம்மா, உங்களுக்கு பயமா இருந்தா எங்க வீட்டுக்கு வந்துருங்கன்னா. எனக்கென்ன பயம், உங்கப்பாதானேன்னேன்.

பயமாத்தான் இருந்துச்சு.

மே மாசம் மொத வாரம். அப்ப மாத்திரை ஆறாக் கொறச்சிருந்தாங்க, முப்பது மில்லிகிராம். இனி சரியாயிருவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். ஒரு நாள் காலையில சீஸ் சீவுற கத்தியக் காணோம்னாரு. பாத்திரம் கழுவுற எந்திரத்துல இருக்குன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். காப்பிக் கெண்டி பறந்து வந்துச்சு. என் காத ஒட்டிப் போயி செவுத்துல அடிச்சுது. செவுத்துப் பலகையில குழி விழுந்துருச்சு. காப்பி என் தோள்ல, முடியில எல்லாம். சூடு கம்மிதான், ஒண்ணும் ஆகல. அவரு அப்படியே நின்னாரு. அப்பறம் முட்டி போட்டுத் தொடைக்க ஆரம்பிச்சாரு. டூர்டிஸ், அது நான் இல்லன்னாரு. அது யாருன்னு எனக்குத் தெரியலன்னாரு. அந்த ஒரு கண்ணால என்னப் பாத்தாரு பாருங்க.

இங்கதான் போன் பண்ணேன். நர்ஸம்மா நல்லாத்தான் பேசுனாங்க. மருந்தால வர்றதுதான், டாக்டர்கிட்ட சொல்றேன், அஞ்சு வாரத்துல உங்களுக்கு நாள் இருக்கு, அப்பக் கொறப்பாங்க, நீங்களா எதையும் மாத்தக் கூடாதுன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நீங்களா மாத்தக் கூடாது. சரின்னேன்.

அதுக்கப்பறம் பாருங்க, அடங்கிட்டாரு. ஒரு வாரத்துல. சொல்லப்போனா அஞ்சே நாள்ல. தூங்க ஆரம்பிச்சாரு. சில்யேவுக்கு அவரே போன் பண்ணி அழுதாரு. குன்வால்ட் வீட்டுக்கு நடந்தே போனாரு. என்ன சொன்னாரோ தெரியாது, ரெண்டு பேரும் உக்காந்து அப்பம் தின்னாங்களாம். மே பதினேழு, தேசிய தின ஊர்வலத்துல, கொடிகளுக்குப் பின்னாடி, குழுவோட நின்னு பாடுனாரு. நான் ஓரத்துல நின்னேன். பெஞ்சு இல்ல, ஆனா தரையில எனக்குத் தெரிஞ்சுது. என் புருஷன் திரும்ப வந்துட்டாருன்னு நெனச்சேன். மூணு வாரம்மா. கல்யாணமான புதுசுலகூட நாங்க அவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல.

எப்படி அடங்குனாருன்னா? அது... சொல்றேன். இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழம. காலையில மொறுமொறு ரொட்டியக் கடிச்சாரு, கீழ வெச்சாரு. தாடையத் தடவுனாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பல்லா இருக்கும்னேன். அந்தப் பல்ல ஜனவரிலயே புடுங்கியாச்சு டூர்டிஸ்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். உக்காந்து சிரிச்சேம்மா. அந்த நோவு என்னன்னு இந்த ஊர்லயே என்னவிட நல்லாத் தெரிஞ்சவ யாரு?

வெள்ளிக்கிழம தோட்டத்துல உருளக்கெழங்குக்கு மண்ணணச்சோம். தொப்பியக் கழட்டி வெச்சாரு. பாத்தேன். எதுவும் கேக்கல. சனிக்கிழம காலையில எந்திரிச்சு, ஏன் கதவ பாதி வரைக்கும் பலக வெச்சு அடச்சிருக்கன்னு கேட்டாரு.

இல்ல, முழுசாப் போகல. அன்னிக்கே வந்துட்டோம், மறுபடி மூணு நாள் ஊசி. வலது கண்ணுல கீழ்பாதி போயிருச்சு. மேல்பாதி நிக்குது. எதிர்ல உக்காந்தா என் கண்ணு தெரியும், என் வாய் தெரியாது. படி எறங்கறப்ப காலு தெரியாது. தட்டுல இருக்கறது தெரியாது. ஆனா வானம் தெரியும், மலை உச்சி தெரியும். ஃபெரி போச்சுன்னா கொடிக்கம்பம் மட்டும் போகுமாம், கீழ ஒண்ணும் இல்லாம.

சேத்துக்கறப்ப நர்ஸு கேட்டாங்க, என்ன அளவு மாத்திரைன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே சொன்னாரு. முப்பது. என் பெண்டாட்டிதான் வெக்கிறா, ஒரு நாள் தவறுனதில்லன்னாரு. பெருமையாச் சொன்னாரு. அவங்க எழுதிக்கிட்டாங்க. முப்பதுன்னு.

இப்பத் திரும்ப பன்னெண்டு மாத்திரை. தூக்கமில்ல, கத்துறாரு. நேத்து வானொலியத் தூக்கிப் போட்டாரு. கத்தட்டும்மா. இப்பல்லாம் கத்தலன்னாதான் எந்திரிச்சுப் போயி பாக்கறேன்.

உங்க வீட்ல எப்படி, அந்த வாரத்து மாத்திர டப்பா வாங்கிட்டீங்களா, ஏழு கட்டம் போட்டது? யாரு நெரப்புறா? நீங்களா. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவே நெரப்பட்டும். கண்ணு நல்லாத்தானே இருக்கு அவருக்கு. இல்ல, உங்கள நம்பாம இல்ல. நீங்க நல்ல பொண்ணுன்னு பாத்தாலே தெரியுது. நான்கூட நல்லவதான்.

எங்க வீட்ல நான் நெரப்புனேன். அவருக்கு ஒத்தக் கண்ணு, வெரலு தடிச்ச வெரலு, மாத்திர சின்னது. அவரு எண்ணவும் மாட்டாரு, ஒரு கையில கொட்டி ஒரு மடக்குத் தண்ணி. கெண்டி பறந்துச்சுல்ல, அதுக்கு மறுநாள்லேர்ந்து ஆறுக்குப் பதிலா மூணு வெச்சேன். அஞ்சு வாரத்துல எப்படியும் கொறக்கப் போறாங்க, நாம கொஞ்சம் முன்னாடி கொறக்கறோம், அவ்வளவுதானேன்னு. நர்ஸு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்துச்சும்மா. மறந்துட்டேன்னு சொன்னா பொய்.

வியாழக்கிழம தாடைன்னு சொன்னாருல்ல, அன்னிக்கு சாயங்காலமே திரும்ப ஆறா வெச்சுட்டேன். ஆறு போட்டா அடங்கிரும், யாருக்கும் தெரியாமப் போயிரும்னு நெனச்சேன். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா என்ன அளவுன்னு கேப்பாங்களே. அதுக்காக ரெண்டு நாள் பாத்தேன்.

சில்யேவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். போன வாரம் டாக்டரம்மா ரொம்ப யோசிச்சாங்க. முப்பதுல இது திரும்பி வரக் கூடாதே, இவருக்கு இது பிடிவாதமான வகை போலருக்கு, மாத்திர பத்தாதுன்னு சொன்னாங்க. இன்னிக்கு வேற ஒரு ஊசி எழுதப்போறாங்க. வாரத்துக்கு ஒண்ணு, வயித்துல போடணும், ஒடம்போட எதிர்ப்பையே கொறைக்குமாம், காச்சல் வந்தாக்கூட சரியாத் தெரியாதாம். வேணும்னா வேணுந்தான். ஒருவேள எப்படியும் வேண்டியிருக்கும். ஆனா அவங்க கையில இருக்கற கணக்கு தப்புக் கணக்கு. முப்பது இல்ல, பதினஞ்சுன்னு அவங்களுக்கு யாரு சொல்றது? காலையில கார்ல வர்றப்ப பூரா வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தேன். அவரு பக்கத்துல உக்காந்து வாத்தியாராட்டம் மலையப் பத்திப் பேசிக்கிட்டே வராரு. அதான் யார்கிட்டயாச்சும் ஒரு தடவ சொல்லிப் பாக்கலாம்னு. மன்னிச்சுக்குங்க, நீங்க மாட்டிக்கிட்டீங்க.

தோ, நர்ஸு தல நீட்டுறாங்க. என்னத்தான். ஆமா, வரேன்.

பைய நானே எடுத்துக்கறேன். உங்கப்பா வெளிய வர்றதுக்கு இன்னும் அர மணி நேரம் ஆகும்ல? அப்ப ஒரு ஒதவி. உள்ள நான் சொல்லப்போறதக் கேட்டுட்டும் அவரு எங்கூட வெளிய வந்தா ஒண்ணுமில்ல. தனியா வந்தாருன்னா, உயரமா இருப்பாரு, பச்ச ஸ்வெட்டர், அவருக்கு லிஃப்டு எந்தப் பக்கம்னு தெரியாது, இதுவரைக்கும் நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னாடி மூணு படி எறங்கணும். படின்னு மட்டும் சொல்லுங்க, போதும். கீழ டாக்ஸி நிக்குற எடம் வரைக்கும்.